பதினோரு மணிப் பால்

நெடுந்தூர விமானத்தில் போகிறவர்களுக்குத் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காக இந்த உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணுக்கு மறைப்பு, கழுத்துக்குத் தலையணை, காதுக்கு அடைப்பான். தண்ணீர் நிறையக் குடியுங்கள், காப்பியைத் தொடாதீர்கள், போய் இறங்கியதும் வெயிலில் நடங்கள் என்று ஆளாளுக்கு உபதேசம். இத்தனை அக்கறையும் உட்கார்ந்துகொண்டு போகிறவர்களைப் பற்றித்தான். அதே விமானத்தில் நின்றுகொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வெகுகாலம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்த பிறகு எங்கள் பாடு இன்னும் மோசமாகிவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். பொறுமையாகச் சொல் என்கிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

என் பெயர் சலேத். ஊர் தூத்துக்குடி. இருப்பது சென்னை விமான நிலையத்து மதிலுக்கு அந்தப் பக்கம், பொழிச்சலூரில். வெண்முகில் ஏர்லைன்ஸில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தேன். லண்டன், டொரன்டோ, சிட்னி என்று நெடுந்தூரத் தடங்கள்தான் எனக்கு. குடும்பக் கஷ்டத்துக்காக அந்த வேலைக்குப் போனேன் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். பிடித்துத்தான் போனேன். மேகத்துக்கு மேலே நின்று டீ ஊற்றுகிற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அப்போதுதான் பொட்டு வந்தது. கம்பெனி அதற்கு ‘ஒத்திசை’ என்று பெயர் வைத்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம் என்பதால் நாங்கள் பொட்டு என்றே சொன்னோம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நாம் ஊர் மாறினாலும் அது பழைய ஊர் நேரத்திலேயே ஓடும். அந்த இழுபறிக்குத்தான் ஜெட் லாக் என்று பெயர். பொட்டு தோல் வழியாக மருந்தை இறக்கி அந்தக் கடிகாரத்து முள்ளைத் திருப்பிவிடும். பயணிகளுக்கு வெள்ளைப் பொட்டு. ஏறும்போது ஒட்டிக்கொண்டால் இறங்கும்போது அந்த ஊர்க்காரராகவே இறங்கலாம். டொரன்டோவில் காலை என்றால் அவர்களுக்கும் காலை. நன்றாகப் பசிக்கும், முகம் தெளிவாக இருக்கும், நேரே மீட்டிங்குக்குப் போய் உட்காரலாம்.

எங்களுக்கு நீலப் பொட்டு. இலவசம், ஆனால் கட்டாயம். வாரம் ஒருமுறை கம்பெனி மருத்துவப் பிரிவில் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்தாலும் கழற்றக்கூடாது, கழற்றிக் கழற்றி ஒட்டினால் உடம்பு தடுமாறிப்போகும் என்று எச்சரித்திருந்தார்கள். ஆரம்பத்தில் கம்பெனியை வாயார வாழ்த்தினோம். கால் வலித்தாலும் கண் எரியவில்லை. எவ்வளவு தூரம் பறந்தாலும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தமாதிரி இருந்தது. வீட்டில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தாலே போதும்.

கொஞ்ச நாளில் வெளியூரில் எங்களுக்குத் தந்துகொண்டிருந்த ஓய்வை எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் டொரன்டோ போனால் ஹோட்டலில் தூங்கி எழுந்துதான் திரும்புவோம். இப்போது போன கையோடு அடுத்த விமானத்தில் ஏற வேண்டும். ஜெட் லாக்தான் இல்லையே, அப்புறம் எதற்கு ரெஸ்ட் என்று கேட்டார்கள். எங்களுக்குள் முணுமுணுத்ததோடு சரி. களைப்பே இல்லாதவள் ஓய்வு கேட்டால் அவளுக்குச் சோம்பேறி என்றுதானே பெயர்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமாகி ஜோவிதா பிறந்தாள். வயிற்றில் இருக்கும்போதே டாக்டர் படுத்த படுக்கையாக இருக்கச் சொல்லிவிட்டதால் விடுப்பில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. மருத்துவப் பிரிவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுத்துவிட்டதால், விடுப்பு முழுக்க எனக்குப் பொட்டு கிடையாது. ஜோவி மற்ற குழந்தைகளைப்போலக் குடித்தாள், தூங்கினாள், தொடை மடிந்து கொழுகொழுவென்று ஆனாள். மீண்டும் வேலைக்குப் போகுமுன் பம்மலில் குழந்தைகள் டாக்டர் ரஹமத் நிஷாவைப் பார்த்தோம். என் கணவர் டெரன்ஸ் வீட்டிலிருந்தே கட்டட பிளான் வரைகிறவர். பகலில் குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார், நான் பாலை எடுத்துவைத்துவிட்டுப் போவேன், பறக்கும்போதும் எடுத்துக் கொண்டுவருவேன் என்பது எங்கள் ஏற்பாடு.

“பால்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைச்சிராதம்மா” என்றார் டாக்டர். அவர் பேச்சு எப்போதும் கொஞ்சம் அதட்டலாகத்தான் இருக்கும். “இருட்ட ஆரம்பிச்சா உன் உடம்புல தூக்கத்துக்குன்னு ஒண்ணு சுரக்கும். அது பால்லயும் எறங்கும். விடிஞ்சா முழிக்க வைக்கிறதுக்கு வேற ஒண்ணு. புள்ளைக்கு இப்போ சொந்தமா கடிகாரம் கெடையாது. உன் பாலைக் குடிச்சுக் குடிச்சுத்தான் இது பகலு, இது ராத்திரின்னு அது கத்துக்கணும். அதனால காலைல எடுத்த பாலைக் காலைல குடு, ராத்திரி எடுத்ததை ராத்திரி குடு. பாட்டில் மேல நேரத்தை எழுதி ஒட்டிரு.”

“பாலுக்குள்ள மணி இருக்குன்னு எங்க ஸ்கூல்ல யாரும் சொல்லலையே டாக்டர்” என்றார் டெரன்ஸ்.

“உன் ஸ்கூல்ல சொல்லாதது நெறைய இருக்கு. எழுதி ஒட்டு.”

மறுபடி நீலப் பொட்டோடு வேலைக்குப் போனேன், அவர் சொன்னபடியே எழுதியும் ஒட்டினேன். விமானத்தின் பின்பக்கம் ஊழியர்கள் படுக்கிற அறைக்குள் முதுகை வளைத்து உட்கார்ந்து பாலை எடுத்து, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தேன். பாலூட்டும் தாய்மார்களுக்கு நாங்கள் செய்துகொடுத்திருக்கும் வசதி என்று கம்பெனி என்னைப் படம் பிடித்துத் தன் பத்திரிகையில் போட்டது. அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜோவி தூங்குவதை நிறுத்தினாள்.

அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அழவில்லை. கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். தட்டிக் கொடுத்தால் கால் மணி நேரம் கண் செருகும், உடனே திடுக்கிட்டு விழிப்பாள். டெரன்ஸ் தோளில் போட்டுக்கொண்டு நடந்து நடந்து அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தொடையில் இருந்த மடிப்பெல்லாம் போய்த் தோல் தொங்கியது. ரஹமத் டாக்டர் அவளைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டக்கூட இல்லை.

“புள்ளைங்க தூக்கத்துலதான்மா வளரும். தூங்கலைன்னா குடிச்சது உடம்புல ஒட்டாது. இப்படியே போனா மூளை வளர்ச்சிக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது” என்றவர், டெரன்ஸ் கையிலிருந்த பையை வாங்கி ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மூணு மணின்னு போட்டிருக்கே, இதை எப்போ குடுக்குறே?”

“விடியக்காலம் மூணு மணிப் பால் டாக்டர். ராத்திரி குடுக்கதுக்கு வச்சிருக்கேன்.”

எனக்குச் சுரீர் என்றது. “ஐயோ, அது ஜூலு!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வானத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஊர் நேரம் என்று ஒன்று கிடையாது. ஏறுகிற இடம், இறங்குகிற இடம் எதுவானாலும் இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தைத்தான் எழுதுவோம். அதை ஜூலு என்போம். சாப்பாட்டு வண்டியில் ஒட்டுகிற சீட்டிலிருந்து கழிவறை சுத்தம் செய்த நேரம்வரை எல்லாமே ஜூலு. கை பழகிப்போய்ப் பால் பாட்டிலிலும் அதையே எழுதியிருக்கிறேன். ஜூலுவில் மூன்று என்றால் நம் ஊரில் காலை எட்டரை.

“காலங்காத்தால எடுத்த பாலை ராத்திரியில குடுத்திருக்கேனா?” என்று டெரன்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏ சலேத்து, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பிளான்ல அடியா மீட்டரான்னு போடாம குடுத்தா நான் எவ்வளவு கத்துவேன்!”

“சரி, சரி. காரணம் தெரிஞ்சு போச்சுல்ல? நல்லபடியா போங்க” என்று டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். ஆட்டோவில் வரும்போது நாங்களும் சிரித்தோம். இவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று மாதாவுக்கு மெழுகுவத்திகூட ஏற்றினேன்.

அன்றிலிருந்து நம் ஊர் நேரத்தை எழுதி, பக்கத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டினேன். ஜோவி தூங்கவில்லை. வீட்டில் இருக்கும்போது பாட்டிலே வேண்டாமென்று மடியிலேயே வைத்துக் கொடுத்தேன். தூங்கவில்லை. பவுடர் பால் கொடுத்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் தடித்து மலத்தில் ரத்தம் வந்தது. மாட்டுப்பால் ஒவ்வாமை, இவளுக்கு இப்போதைக்குத் தாய்ப்பாலை விட்டால் வேறு கதி இல்லை என்றார் டாக்டர். சுற்றிச் சுற்றி என் மடிக்கே வந்து நின்றது.

அப்போதுதான் அவர், பகல், மாலை, இரவு, விடியல் என்று எல்லாப் பொழுதிலும் என் பாலை எடுத்துவரச் சொன்னார். தெரிந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“ஏம்மா, நீ எந்த ஊர்ல இருக்கே?”

“பொழிச்சலூர்ல டாக்டர்.”

“உன் உடம்பு எந்த ஊர்ல இருக்குன்னு கேக்குறேன். நீ குடுத்த எல்லாப் பாலும் ஒரே மாதிரி இருக்கு. ராத்திரிப் பாலு, விடியப் பாலுன்னு நீ எழுதியிருக்கே, அவ்வளவுதான். ஒண்ணுலகூடத் தூக்கச் சுரப்பு பேருக்குக்கூட இல்ல. முழிக்க வைக்கிறது மட்டும் இருக்கு. எல்லாமே பகல் பதினோரு மணிக்கு எடுத்த பால் மாதிரி இருக்கும்மா.”

“அதெப்படி டாக்டர்? பொட்டு போற ஊர் நேரத்துக்குத்தானே மாத்தும்? லண்டன் போனா லண்டன் நேரம், சிட்னி போனா சிட்னி நேரம். குழப்பமா வேணா இருக்கலாம். ஒரே மாதிரி எப்படி இருக்கும்?”

“வெள்ளைப் பொட்டு மாத்தும். உன்னோடது என்ன கலர்?”

நான் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன்.

“பயணிக்கு முள்ளைத் திருப்புறான்” என்றார் டாக்டர். “உனக்குத் திருப்பலை. ஆணியடிச்சு நிறுத்திட்டான். மனுஷன் சுறுசுறுப்பா, நல்ல மூடுல, கேட்டதுக்கெல்லாம் சிரிச்ச மொகமா பதில் சொல்ற நேரம் எதுன்னு பாத்து, அந்த நேரத்துலயே நிறுத்தி வச்சிருக்கான். நீ கண்ணை மூடிக் கெடக்குறியே தவிர, உன் உடம்புக்கு எத்தனையோ மாசமா ராத்திரியே வரலம்மா. உனக்கே இல்லாததை உன் புள்ளைக்கு நீ எப்படிக் குடுப்பே?”

டெரன்ஸ் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பதினோரு மணிக்கு யாருக்கு அழுகை வரும்? இவர்கள் என் சம்பளத்தைப் பிடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் ஓய்வைப் பிடித்தபோது முணுமுணுத்தேன். என் இரவைப் பிடித்தது எனக்குத் தெரியவே இல்லை. அதைவிடக் கேவலம், அதற்காக நன்றி சொல்லியிருக்கிறேன். விமானத்தில் குப்பை அள்ளும்போதும், குடித்துவிட்டுக் கையைப் பிடிக்கிறவனிடம் பல்லைக் காட்டும்போதும், என்னடா நமக்கு இவ்வளவு பொறுமை என்று நானே என்னை மெச்சிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொறுமைகூட என்னுடையது இல்லையாம். வாரம் ஒருமுறை ஒட்டிவிட்டதாம்.

“ஒண்ணு பாலை நிறுத்து, இல்ல பொட்டை நிறுத்து. பாலை நிறுத்த முடியாது” என்றார் டாக்டர்.

புகார் கொடுத்தேன். ஆராய்ச்சிக்கூடத்து முடிவையும், பாட்டில் விஷயத்தையும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். குழந்தை வளருகிறவரை பொட்டில்லாமல் பறக்கவிடுங்கள், பழையபடி வெளியூரில் ஓய்வு கொடுங்கள் என்று கேட்டேன். கம்பெனியின் தலைமை மருத்துவர் ஸ்ரீவத்சன் என்னை வரச் சொன்னார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடிக் கட்டடம், காலை வெயில் கூசாமல் உள்ளே வருகிற அறை. டெரன்ஸும் ஜோவியும் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ரீவத்சன் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவு மரியாதை.

“சலேத், ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல், நாங்க ரொம்ப ஃபீல் பண்றோம். ஆனா பாருங்க, லேபிள்ல டைம் தப்பா எழுதினது நீங்க. உங்க ஹஸ்பெண்டும் தப்பாப் படிச்சிருக்கார். அதை நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“அதைத் திருத்தினதுக்கு அப்புறமும் புள்ள தூங்கலைன்னும் நாந்தான் சார் சொல்லியிருக்கேன். அதையும் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“நீலப் பொட்டு நேரத்தை மாத்துதா, இல்ல நிறுத்தி வைக்குதா? அதை மட்டும் சொல்லுங்க.”

அவர் மழுப்புவார் என்றுதான் நினைத்துப் போயிருந்தேன். மழுப்பவில்லை. “ஹோல்ட் பண்ணுது” என்றார், மின்விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்வதுபோல. “நீங்க மாசத்துல எத்தனை டைம் ஜோன் கிராஸ் பண்றீங்க? ஒவ்வொரு வாட்டியும் மாத்தினா உடம்பு தாங்காது. ஒரே எடத்துல ஹோல்ட் பண்றதுதான் ஸேஃப். நீங்க கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபார்ம்ல ‘உகந்த நேரத்தில் பராமரித்தல்’னு இருக்கு.”

“யாருக்கு உகந்த நேரம் சார்?”

பொட்டில்லாத ஊழியரைப் பறக்கவிட முடியாது, ஒருவருக்கு ஓய்வு கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். “உக்காருங்க, உங்களை வெறுங்கையோட அனுப்பவா கூப்பிட்டேன்?” என்று சிரித்தார்.

“உங்க கம்ப்ளைன்டை நாங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டோம். சொல்லப்போனா ஒரு புது டிபார்ட்மென்டே ஆரம்பிக்கிறோம். உங்களுக்கு அதுல தரையிலயே வேலை. பறக்க வேண்டாம், யூனிஃபார்ம் வேண்டாம், குழந்தை பக்கத்துலயே இருக்கலாம். சம்பளமும் இப்ப வாங்குறதைவிடக் கூட.”

ஒப்புக்கொள்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவர்களும் மனிதர்கள்தான் என்று நினைத்தேன். “என்ன வேலை சார்?”

“முதல் வகுப்புல கைக்குழந்தையோட வர்றவங்க தெரியும்ல? பேரன்ட்ஸ் ரெண்டு பேரும் பொட்டு ஒட்டிட்டு லண்டன் டைமுக்கு மாறிடறாங்க. குழந்தைக்குப் பவுடர் பால்தான், அது இந்தியா டைம்லயே இருக்கு. ஊர் தூங்கறப்ப அது முழிச்சு அழுது, போன எடத்துல நாலு நாள் நரகம். ரெண்டு வயசுக்குள்ள குழந்தைக்குப் பொட்டு ஒட்டக்கூடாதுன்னு சட்டம். எங்க டீம் வருஷக்கணக்கா மண்டையை ஒடைச்சுக்கிட்டாங்க. அப்பதான் உங்க கம்ப்ளைன்ட் வந்தது.” அவர் முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது. “அம்மாவுக்குப் பொட்டு ஒட்டினா எஃபெக்ட் பால் வழியா குழந்தைக்குப் போகுது! ப்ரூஃபோட கொண்டுவந்து குடுத்தது நீங்க. தாய்ப்பாலுக்குச் சட்டத்துல தடை கெடையாது பாருங்க.”

எனக்குப் புரியத் தொடங்கியது. ஆனாலும் அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தேன்.

“உங்களுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. பதினோரு மணிக்குப் பதிலா நடுராத்திரில ஹோல்ட் பண்ணிடுவோம். நீங்க எப்ப எடுத்தாலும் இரவுப் பால். பாட்டில்ல போட்டு ஃப்ளைட்ல ஏத்திடுவோம். எந்த ஊர்ல எறங்குதோ, அந்த ஊர் இருட்டினதும் ஒரு பாட்டில் குடுத்தா குழந்தை சமர்த்தாத் தூங்கிடும். உங்க குழந்தைக்கும் அதுலேருந்து எடுத்துக்கலாம். உங்க ப்ராப்ளமும் சால்வ்ட்.”

“இருட்டின ரூம்ல உக்காந்திருக்கணுமா சார்?”

“லைட் இருந்தாலும் பரவால்ல. உங்க உடம்புக்குத்தான் வெளிச்சம் தெரியப்போறதில்லையே. கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்கும், அவ்வளவுதான்.”

“என் புள்ளைக்குப் பகல்ல என்ன குடுப்பேன்?”

அவர் யோசித்தார். இதுவரை யோசித்திருக்கவில்லை என்று தெரிந்தது. “பவுடர் ட்ரை பண்ணலாமே?”

“எனக்கு எப்ப சார் விடியும்?”

“கான்ட்ராக்ட் முடியறப்ப” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

நான் எத்தனையோ வசைச் சொற்களைத் தெரிந்துவைத்திருக்கிறேன். துறைமுகத்து ஊரில் பிறந்தவளுக்கு அதற்கெல்லாம் பஞ்சமா? ஒன்றுகூட இந்த மனிதருக்குப் போதுமானதாக இல்லை. என் இரவைத் திருடினான், அதனால் என் பிள்ளை வற்றிப்போனாள், அதைச் சொல்ல வந்தால் அடடா நல்ல யோசனை என்று என் பகலையும் கேட்கிறான். அதுவும் யாருக்கு? ஊர் பார்க்கப் போகிறவன் பிள்ளை நான்கு நாள் சிணுங்காமல் இருப்பதற்கு. காதுக்குப் பின்னால் நகத்தைக் கொடுத்துப் பொட்டைப் பிய்த்தேன். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அவர் மேசைக் கண்ணாடி மேல் அழுத்தி ஒட்டினேன்.

“சலேத், சடனா எடுக்காதீங்க, அப்புறம் ரொம்பக் கஷ்டப்படுவீங்க” என்று எழுந்தார்.

“படறேன் சார். கஷ்டப்பட்டாவது தூங்குறேன்.”

கஷ்டப்பட்டேன். அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வாந்தி, தலைசுற்றல், நின்ற இடத்தில் விழுவது, காரணமில்லாமல் நாள் முழுக்க அழுவது. பாக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது போலிருக்கிறது. வேலை போய்விட்டது. ஆனால் ஒரு நாள் ஜோவி என் மடியில் குடித்துக்கொண்டே வாயை விட்டுவிட்டாள். செத்துவிட்டாளோ என்று பதறி மூக்கருகில் விரலை வைத்தேன். டெரன்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, “தூங்குதாட்டி, எழுப்பிராத” என்று என் கையைத் தட்டிவிட்டார். மறுமாதம் ரஹமத் டாக்டர் தராசைப் பார்த்துவிட்டு எங்களைப் பழையபடி அதட்டினார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு நான் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தபோது, டெரன்ஸுக்குப் பக்கத்து நாற்காலிகளெல்லாம் நிரம்பியிருந்தன. உள்ளே போகும்போது யாரும் இல்லை. இப்போது வரிசையாகப் பெண்கள். எல்லார் மடியிலும் கைக்குழந்தை. சிலர் விமானத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், சிலர் கம்பெனி கேன்டீன்காரர்கள் என்று சீருடையில் தெரிந்தது. பறக்கிறவள் ஒருத்திகூட இல்லை. என்னைக் கேட்பதற்கு முன்பே இவர்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வரிசையில் முதலில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. மேல்துண்டுக்குள் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துத் தயங்கிச் சிரித்தாள். பெயர் பிரமிளா என்றாள்.

“அக்கா, உள்ள என்னக்கா கேக்குறாங்க? நைட் ஷிஃப்டுதான், உக்காந்த எடத்துல வேலை, கொழந்தயயும் கூட வச்சிக்கலாம்னு சூப்பர்வைசர் சொன்னாரு. நெசமாவா?”

“நைட் ஷிஃப்ட்னா காலைல முடியும்லம்மா” என்றேன். “இது முடியாது.”

அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கும் புரியவில்லை. பொட்டைப் பிய்த்த இடம் எரிந்தது. கண்ணெல்லாம் மங்கியது. டெரன்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வா, வீட்டுக்குப் போலாம், எதுன்னாலும் அங்க வச்சுப் பேசிக்கலாம்” என்று ஜோவியோடு எழுந்தார். நான் அவர் விட்ட நாற்காலியைப் பிரமிளாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கறுப்புப் பொட்டு என்ன செய்யும், யார் குழந்தை தூங்கும், யார் குழந்தைக்கு விடியாது என்று சத்தமாகவே சொன்னேன். அந்தக் கண்ணாடிக் கட்டடம் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். பெண்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு நெருங்கி வந்தார்கள்.

ஒருத்தி மட்டும் நடுவில் எழுந்து, “எனக்கு வேற வழியில்லக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வேறு வழியில்லை என்பது உள்ளே இருக்கிற மனிதருக்கும் நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஸ்ரீவத்சனின் உதவியாளர் எட்டிப் பார்த்து, “பிரமிளா யாரு? வாங்க” என்று கூப்பிட்டார். அவள் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு பாதி எழுந்தாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“இருங்க சார், அக்கா சொல்றதக் கேட்டுட்டு வர்றேன்” என்றாள்.